பறவை நோக்கலில் ஆணும் பெண்ணும்

வைகறைப் பொழுதிலே மாமரக் கிளையிலிருந்து குயில் கூவக் கேளாதார் இலங்கையில் மிகச் சிலரே. இனிய குரலுடைய பெண்ணைக் குயில் என்று பாராட்டுவதும் தமிழில் நெடுங்கால வழக்கு. ஆனால், அவ்வாறு நீட்டிக் கூவுவது கருநிறமான ஆண் குயிலேயாகும். பெண் குயிலோ கபில நிற உடலில் வெண்புள்ளிகள் உடையது. 'கிக் கிக்' என்று விரைந்து ஒலிப்பது. அதனைக் கண்டோர் பலரும் வேறொரு பறவையென்றே எண்ணிப் போய்விடுவர்.

பறவைகளை நோக்கி இனங்காணும் திறத்தில் ஆண்கள் வல்லவரா, பெண்கள் வல்லவரா என்ற வினா மேனாடுகளிற் பலகாலம் பேசப்பட்டு வந்துள்ளது. இக்கலைக்கு வேண்டுவன கூரிய கண், நுண்ணிய செவி, நினைவு, பொறுமை என்பன. இவற்றுள் முதலிரண்டிலும் உடலமைப்பால் ஓரளவு வேறுபாடு உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை, வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேரிடமும், பெண்களில் இருநூற்றுக்கு ஒருவரிடமும் காணப்படுகிறது. அக்குறைக்குக் காரணமான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆணுக்கு அந்நிறமூர்த்தம் ஒன்றே; பெண்ணுக்கு இரண்டாதலின், ஒன்று பழுதாயினும் மற்றையது ஈடுசெய்யும். செவியும் அத்தகையதே. வயது ஏற ஏற, உச்சத் தொனிகளைக் கேட்கும் ஆற்றல் பொதுவாக ஆண்களிடமே முன்னதாகக் குன்றுகிறது. இலைகளின் நடுவே மெல்லக் கீச்சிடும் சிறு குருவியை அறுபது வயதுக் கணவர் கேளாதிருக்க, அருகில் நிற்கும் மனைவியார் கேட்டுத் திரும்பிப் பார்த்தல் கூடும். எனினும் இவை சராசரிக் கணக்குகளே. பத்தாண்டு பயின்ற செவி, பயிலாத செவியை ஆண் பெண் என்ற வேறுபாடின்றி வென்றுவிடும்.

அங்ஙனமாயின் பறவையியல் நூல்களில் ஆண்களின் பெயர்களே மிகுந்திருப்பதேன்? பயிலும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் விடை தெளிவாகும். அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு தோன்றிய நட்டால் பறவையியற் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1974ஆம் ஆண்டிலேதான். நூற்றோராண்டு கதவு சாத்தியிருந்துவிட்டு, உள்ளே பெண்களைக் காணோமே என்று வியப்பதிற் பொருளில்லை. இருளிருக்கும்போதே தனியே சதுப்பு நிலத்துக்கும் காட்டுக்கும் செல்லும் உரிமையும் அச்சமின்மையும் இருவர்க்கும் ஒருபடியாக இருந்ததுமில்லை.

கதவு சாத்தியிருந்தும் நோக்கியவர்கள் உளர். புளோரன்ஸ் மெரியம் என்பார், நாடக அரங்கிற் பயன்படும் சிறு கண்ணாடியைக் கொண்டே பறவைகளை அறியலாமென்று 1889இல் ஒரு நூல் எழுதினார். பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே அறிவியல் என்று கருதப்பட்ட காலம் அது. பின்னர் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், தம் வீட்டின் அயலிலிருந்த ஆற்றோரப் புதர்நிலத்தில், மார்கிறெற் மோர்ஸ் நைஸ் அம்மையார் பாட்டுச் சிட்டுகளை ஆராய்ந்தார். அச்சிட்டுகளில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையன. ஆகவே 1928 முதல் அவற்றின் கால்களில் நிற வளையங்களை இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக அறிந்து, எது எதனோடு கூடியது, எத்தனை குஞ்சு பிழைத்தது என்று ஆண்டுக்கணக்காகக் குறித்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே செய்த வேலை இது. 1937இலும் 1943இலும் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் இரு பாகங்களும் இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றன.

ஆண்கள் எண்ணிக்கையிலும் போட்டியிலும் நாட்டமுடையர், பெண்கள் ஒரு பறவையின் வாழ்வை ஊன்றி நோக்குவர் என்று பலர் கூறுவர். நைஸ் அம்மையாரைக் கண்டால் அது மெய்யெனத் தோன்றும். ஆனால், உலகில் முதன்முதலாக 8,000 பறவையினங்களைக் கண்டு கணக்கிட்டவர் பீபி ஸ்நெற்சிங்கர் என்னும் பெண்மணியே. 1981இல் கொடிய தோற்புற்றுநோய் கண்டு, ஓராண்டும் தேறாது என்று மருத்துவர் கைவிட்ட பின்னரே அவர் உலகெங்கும் அலையத் தொடங்கினார். 1999இல் மடகாஸ்கரிற் பறவை காணச் சென்றவிடத்து வாகன விபத்தில் இறந்தார்.

வேறுபாடு கண்ணிலும் செவியிலும் இருப்பதைவிட, எதனைத் தேடுகிறோம் என்பதிலேதான் மிகுதியாக இருக்கிறது. பாடுவது ஆண் பறவை, பெண் கேட்டிருப்பது என்பது நெடுங்காலம் பாடநூற் கருத்தாக இருந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்விலே, ஆராயப்பட்ட 323 பாடும் பறவையினங்களுள் 71 வீதமானவற்றில் பெண்ணும் பாடுவது தெரியவந்தது. பெண் பறவையின் பாட்டைப் பற்றிய கட்டுரைகளில் முதலாசிரியராக இருப்போர் பெரும்பாலும் பெண்களே என்று 2020இல் மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. பொற்சிறகுக் கதிர்க்குருவி என்னும் சிறு பறவை வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்து, மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபாகத்திலும் மாரிகாலத்தைக் கழிப்பது. அங்கே ஆண்கள் உயர்ந்த நிலத்துக் காடுகளிலும், பெண்கள் தாழ்ந்த நிலத்துப் புதர்களிலும் தங்குகின்றன. எளிதிற் கண்ணிற்படுவன ஆண்களாதலின், காப்புத் திட்டங்களும் அவற்றின் இடங்களையே நோக்கின. 2000 முதல் 2016 வரை ஆண்கள் தம் மாரிகால வாழிடத்தில் 4 வீதத்தை இழக்க, பெண்கள் 8 வீதத்தை இழந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பெண் பறவைகள் அற்றுப்போனபின் ஆண்களின் காட்டைக் காத்து என்ன பயன்?

பெண் குயிலைக் காண விரும்புவோர் தொலைவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆண் கூவும் கிளையை விட்டுவிட்டு, காகம் கூடு கட்டியிருக்கும் மரத்தின் அருகே அடர்ந்த இலைமறைவைச் சிறிது நேரம் அசையாது நோக்குதல் வேண்டும்.