“என்ன சாப்பிட்டாய்?” என்பதைவிட “எது பிடிக்கும்?” என்று குழந்தையிடம் கேட்பது ஏன்?

நேற்று எத்தனை முறுக்கு தின்றோம் என்பதை ஆறு வயதுக் குழந்தை சரியாக நினைவுகூர்வது அரிது. பெற்றோரும் தம்மையறியாமல் குறைத்துச் சொல்லிவிடக்கூடும்.

ஒரு நாள் மழையைவிடக் கிணற்றின் நீர்மட்டமே கொங்கு உழவருக்கு நிலத்தின் நிலையை உணர்த்துவதுபோல, ஒரு நாள் உணவைவிட விருப்பமே குழந்தையின் நிலைத்த பழக்கத்தைக் காட்டுகிறது.

அதை எப்படி அளப்பது? அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் விருப்பக் கணிப்பில், உணவு, விளையாட்டுப் படங்களைப் பார்க்கும் குழந்தை, மலர்ந்த முகம் முதல் சுளித்த முகம் வரையுள்ள அளவுகோலில் தன் விருப்பத்தைக் குறிப்பதால், இனிப்பின் மீதுள்ள ஆசையையும் ஓட்டத்தின் மீதுள்ள ஆசையையும் ஒரே கோலால் ஒப்பிட முடிகிறது.

கோவைக் குழந்தைக்கு அந்தப் படங்கள் பொருந்தா. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, ஆவி பறக்கும் அரிசிம்பருப்புச் சோறு, கம்மங்கூழ், பேக்கரித் தேங்காய் பன், பம்பரம், நொண்டி ஆகியவை அட்டைகளில் இடம்பெற வேண்டும். அறியாத உணவுக்குக் குழந்தை தரும் விடை வெறும் ஊகமே.

உடற்பருமனைத் தடுக்கும் அறிவுரை, தடைகளிலிருந்து அல்லாமல், இவ்விருப்பங்களிலிருந்து தொடங்குவதே சிறந்தது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிர உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோரே, அந்த ஒரு மணி நேரத்தைக் குழந்தைக்குப் பிடித்த விளையாட்டுக்கே கொடுங்கள்.