கடைக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் காலம்

கடைக் கட்டடமொன்றை வாடகைக்கு விட்டிருப்போர் அதனைப் புதுப்பிப்பது பற்றி எண்ணுவது பெரும்பாலும் இரண்டு வேளைகளிலேதான். நெடுநாள் இருந்த வாடகைக்காரர் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் வேளை ஒன்று. மாரிமழையிலே கூரையின் ஒரு பக்கம் இறங்கிவிடும் வேளை மற்றொன்று. முன்னதில் வருவாய் நின்றுவிடுகின்றது. பின்னதில் கைப்பொருள் கரைகின்றது. இவ்விரண்டும் நேருமுன், வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, வேலையைத் தொடங்கவேண்டிய காலத்தை அறிந்துகொள்ளல் கூடுமா என்பதே கேள்வி.

முதலில் திருத்தம் வேறு, புதுப்பித்தல் வேறு என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஒழுகும் ஓட்டை மாற்றுதலும், உக்கிய நிலையை எடுத்துப் புதியது வைத்தலும் திருத்தம். இதற்குக் காலம் பார்த்தல் தகாது. இலங்கையில் வாடகை உறவுகளுக்கு அடிப்படையாயுள்ள உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி, உடன்படிக்கையில் வேறுவகையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, எந்தத் தேவைக்காகக் கட்டடம் விடப்பட்டதோ அந்தத் தேவைக்கு ஏற்ற நிலையில் அதனை வைத்திருத்தல் உரிமையாளரின் கடமையாகும். புதுப்பித்தலோ, கட்டடத்தின் பயனையே உயர்த்துவது. காலம் பார்த்துச் செய்யவேண்டியது இதுவே. வெள்ளை அடிப்பதைப் புதுப்பித்தல் என்று அழைப்போரும் உளர். அது சுவருக்குச் செய்யும் உபசாரமேயன்றிக் கட்டடத்துக்குச் செய்வதன்று.

கட்டடம் தன் நிலையைத் தானே சொல்லும்; கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அது முதலிற் பேசுவது கூரையிலும் நீரிலும். ஒரே இடத்தில் ஓர் ஆண்டு ஒழுகினால் அது ஓட்டின் குற்றம். மூன்று மாரியாக இடம் மாறி மாறி ஒழுகுமானால், குற்றம் ஓட்டிலன்று. கீழேயுள்ள சலாகையிலும் வளையிலும் கறையான் குடியேறியிருக்கலாம், அல்லது மரம் தளர்ந்து கூரையின் சரிவே மாறியிருக்கலாம். அப்போது ஓடு மாற்றுவதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் மழையோடு போகின்றது. சுவரின் அடியிலே ஈரம் ஏறிச் சாந்து உப்பாக உதிருமானால், மேலே பூசும் வர்ணம் அடுத்த மாரியைத் தாண்டாது. அடுத்தபடி மின்சாரம். இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்குமாக அமைக்கப்பட்ட பழைய வயரிலே இன்று குளிர்ப்பெட்டியும், கணினியும், குளிரூட்டியும் தொங்குகின்றன. உருகி அடிக்கடி எரிந்துபோவதை வாடகைக்காரர் முறையிட்டால் அதைச் சலிப்பென்று தள்ளிவிடுதல் ஆபத்து. தீப்பிடித்தால் ஒரு கடையோடு நில்லாது வரிசை முழுவதையும் கொண்டுபோகும்.

கட்டடத்தைப் போலவே வாடகைக்காரரும் குறிகள் காட்டுவர். உடன்படிக்கை முடியுங் காலத்தில் மூன்று ஆண்டுக்குக் கேட்டுவந்தவர் ஓராண்டு போதும் என்பாராயின், அவர் வேறிடம் பார்க்கின்றார் என்று கொள்ளலாம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்து, அங்கே கூடிய வாடகைக்கும் ஆட்கள் போகின்றார்களாயின், குறை வாடகையிலன்று, இடத்திலேதான். போனவர் எதற்காகப் போனார் என்று கேட்டறியும் உரிமையாளர் மிகச் சிலரே. கேட்டால் வரும் விடை பலவேளை மிகச் சிறியதாக இருக்கும்: வேலைசெய்யும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை, பொருள் இறக்க லொறி நிற்க இடமில்லை, பலகைக் கதவை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டக் காலையும் மாலையும் அரைமணி செல்கின்றது. இவ்வளவும் அறியாது, தரைக்குப் பளபளப்பான கல் பதித்து வாடகையை உயர்த்தியவர்கள் பலர்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சிறு பட்டினத்தில் நான்கு கடைகள். ஒவ்வொன்றுக்கும் மாதம் 20,000 ரூபா வாடகை. புதுப்பிக்கும் செலவு 12 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்தபின் கடைக்கு 3,000 ரூபா கூடினால் மாதம் 12,000. செலவு மீள எட்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகும். இது கண்டு பலர் பின்வாங்குவர். ஆனால் அவ்வரிசையில் ஆண்டுதோறும் ஒரு கடை நான்கு மாதம் பூட்டிக்கிடந்திருந்து, வேலையின் பின் அது நின்றதாயின், ஆண்டுக்கு 80,000 ரூபா மிச்சம். கூடிய வாடகை 1,44,000 ரூபாவோடு சேர்க்க 2,24,000. இப்போது முதல் மீள்வது ஏறக்குறைய ஐந்து ஆண்டும் நான்கு மாதமும். வெறுமையாகக் கிடந்த மாதங்களை எழுதிவையாத உரிமையாளர் இந்தக் கணக்கைச் செய்யவே இயலாது. கணவர் விட்டுச்சென்ற கடைவரிசையின் வாடகையை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று. கடன் எடுத்துச் செய்வதாயின் வட்டியையும் இதிலே கழித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டில் எந்த மாதம் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை; கூரை கழற்றலாகாது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முன் புடைவைக் கடையைப் பூட்டச் சொல்வது கழுத்தை நெரிப்பதாகும். சித்திரை வருடப்பிறப்பும் அப்படியே. நல்லூர் உற்சவத்தின் இருபத்தைந்து நாளும் அப்பகுதிக் கடைகளுக்குப் பொன்னான காலம். ஆகவே மாசி, பங்குனித் தொடக்கமும், வைகாசி, ஆனியும் எஞ்சுகின்றன. கொழும்பிலோ வைகாசியிலே தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். அங்கே தை, மாசியே கூரைவேலைக்கு உகந்தவை. பாடநூற் கடைக்குப் பள்ளிகள் தொடங்கும் வேளை வேறு கணக்கு. வாடகைக்காரரைக் கேளாமல் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துத் திகதி குறிப்பவர் பின்னர் வருந்துவர்.

வாடகைக்காரரின் அச்சமொன்றும் உண்டு. “மூன்று மாதம் ஒதுங்கியிருங்கள், திருத்தித் தருகிறேன்” என்றால், திரும்பி வர முடியாது என்று அவர் நினைக்கின்றார். அந்த நினைவு வீணானதன்று. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் பின் வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் தமக்குட்பட்ட கட்டடங்களின் வாடகையை வரையறுத்தன. குறிக்கப்பட்ட காரணமின்றி ஆளை எழுப்பவும் தடைசெய்தன. வாடகை நின்ற இடத்தில் நிற்க, சீமெந்தின் விலை ஏறிற்று. உரிமையாளர் கட்டடத்தைக் கைவிட்டனர். திருத்தம் என்ற பெயரால் ஆளை வெளியேற்ற முயன்றவரும் இருந்தனர். ஆதலால் வாய்ச்சொல் போதாது. திரும்பி வரும் திகதி, புதிய வாடகை, வேலை நடக்கும் காலத்துக்கு வாடகை இல்லை என்பது யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் முடிக்கப்பட்டாலன்றிச் செல்லாது என்பதையும் மறத்தலாகாது. தம் கட்டடம் வாடகைச் சட்டத்துக்குட்பட்டதா என்பதை வழக்கறிஞரிடமும், சுவர் மாற்றுவதாயின் நகரசபையின் அனுமதியையும் முதலிலேயே பெறுதல் நன்று.

இடித்துவிட்டுக் கட்டுவதா, உள்ளதைப் புதுப்பிப்பதா என்பது இன்னொரு சிக்கல். கொழும்புக் கோட்டையிலே பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிற்காலத்தில் பொலிஸ் நிலையமாகவும் இருந்த அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2011 டிசெம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவர்களும், மரத் தீராந்திகளும், நடுமுற்றங்களும் நிலைத்திருந்தன, மாறியது பயன். எலும்பு உறுதியாயுள்ள கட்டடம் புதுப்பிக்கத் தக்கது. அத்திவாரம் இறங்கிச் சுவர் குறுக்காக வெடித்துள்ள கட்டடத்தில் இடுவது வீண் பணம்.

நான்கு கடைகளையும் ஒருங்கே பூட்டவேண்டியதும் இல்லை. ஓரக் கடை வெறுமையாகும்போது அதனை முதலில் முடித்து, அடுத்த கடைக்காரரை அதிலே இருத்தி, அவருடைய கடையைத் திருத்தி, இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லலாம். காலம் கூடும், வாடகை நில்லாது. பழைய அஸ்பெஸ்தோஸ் தகட்டை அறுப்பதும் உடைப்பதும் மட்டும், அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பதால், பக்கத்துக் கடையில் ஆளிருக்கும் வேளையில் செய்யத்தக்கதன்று. வேலை முடிந்து திறப்பைக் கொடுக்கும் நாளில், மின்மானியின் இலக்கத்தையும் கதவு, யன்னல்களின் நிலையையும் இரு தரப்பாரும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வர்.