நெடுந்தீவில் ஒரு நாள், சைக்கிளில்

அடுப்படியை ஒரு நாளைக்கு மறந்துவிட்டு நெடுந்தீவுக்கு வாருங்கள். ஒரேயொரு நிபந்தனை: ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஏனென்று நடுப்பகலில் உங்களுக்கே விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை வழியாகப் புங்குடுதீவின் கோடியிலுள்ள குறிகட்டுவான் துறைக்கு பஸ் போகிறது. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் கடற்பயணம். சைக்கிளையும் படகில் ஏற்றலாம். குறுக்குத் தண்டில்லாத லேடீஸ் சைக்கிளாக, செயினுக்கு மூடியுள்ளதாகப் பார்த்து எடுங்கள். அபாயா ஓரம் செயினில் அகப்பட்டு நான் பட்ட பாடு போதும்!

தமது நாட்டு நகரங்களின் பெயர்களை ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணை 'லைடன்' ஆனது. நெடுந்தீவு 'டெல்ப்ட்' ஆனது. அப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

மாவிலித்துறையில் இறங்கியதும் மிதிக்கத் தொடங்கலாம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்காற்றுத்தான் ஆளைச் சோதிக்கும். பாதையின் இருமருங்கிலும் வேலிகளைப் பாருங்கள். சாந்து எதுவுமின்றி முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அருகே இடிந்த கோட்டையும் அந்தக் கல்லாலானதே. பக்கத்தில் பழைய புறாக்கூடு ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கூட வந்தால் அங்கே நேரம் போய்விடும்.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். இத்தீவில் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வந்துவிடும். நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வளவிலும் வாய்ப்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று லுஹருக்கு நாங்கள் ஆளுக்கொரு கோப்பைத் தண்ணீரில் வுழூச் செய்தோம். போதுமானதாகவே இருந்தது.

மேற்குப் பக்கத்தில் ஒரு பெருக்குமரம் நிற்கிறது. அடிமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மன்னார் பள்ளிமுனையிலும் ஒன்றுண்டு. மழைக்கால நீரை அடிமரத்தில் சேமித்துக் கோடையைக் கடத்தும் மரம் அது. இத்தீவுக்கு ஏற்ற மரந்தான்!

தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து புல்வெளி விரிகிறது. அங்கேதான் குதிரைகள். ஐரோப்பியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. கட்டுவாரின்றிக் கூட்டமாகத் திரிகின்றன. 2015ஆம் ஆண்டில் இத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. என்றாலும் கடும் வரட்சியில் தாகத்தால் குதிரைகள் இறந்த செய்திகள் வந்ததுண்டு. நாங்கள் போனபோது ஒரு தாய்க் குதிரை, வற்றிய குட்டையின் ஈரச் சேற்றை மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. என் தங்கையின் மகள் தன் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கிட்டப் போனதும் இரண்டும் ஓடிவிட்டன. அவள் தண்ணீரைக் குட்டைக்குள் ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து சைக்கிளில் ஏறினாள்.

இன்னொன்று. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியதால், துறைக்குத் திரும்பும் கடைசி இரண்டு மைலும் எதிர்க்காற்றில் மிதித்த மிதி இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.