அளவுகோல் கேட்காத வடிவியல்

மழை பிடித்து வாசலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் திருத்துறைப்பூண்டியில் பிள்ளைகளின் நோட்டுகள் மெலிய ஆரம்பிக்கும். காகிதத்தில் மடிக்கும் கத்திக்கப்பலுக்குச் சதுரத் தாள் வேண்டும். நோட்டுத் தாளோ செவ்வகம். அளவுகோலை யாரும் தேடுவதில்லை. தாளின் அகல ஓரம் நீள ஓரத்தின் மேல் படியும்படி மூலையை மடித்து, மிஞ்சும் பட்டையைக் கிழித்தால் சதுரம் தயார். போகிறபோக்கில் 90 பாகைக் கோணம் ஒன்று துல்லியமாக இரண்டு 45 பாகைகளாகிவிட்டது.

கிழிப்பதற்கு முன் மடிப்பின் மேல் நாக்கால் ஓர் இழுப்பு இழுப்பார்கள். அதற்குள் வேதியியல் இருக்கிறது. தாள் என்பது பின்னிக் கிடக்கும் செல்லுலோஸ் நார்கள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பசை அல்ல, ஹைட்ரஜன் பிணைப்பு: ஒரு நாரின் ஹைட்ரஜன் அணுவைப் பக்கத்து நாரின் ஆக்சிஜன் அணு இழுத்துக்கொள்ளும் மெல்லிய ஈர்ப்பு. ஈரம் பட்டதும் நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நார்கள் சண்டையில்லாமல் பிரிகின்றன. உலர்ந்தால் பிணைப்பு மீண்டும் உண்டாகும். கரூர் அருகே காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கை காகிதமாவதும் இந்தக் குணத்தால்தான். நீரில் மிதக்கும் நார்க்கூழ், நீர் வடிந்து உலரும்போது தாளாக இறுகிவிடுகிறது.

அடுத்து, மடிப்பு ஏன் நேராக விழுகிறது? தாளில் இரண்டு புள்ளிகள் வைத்து, ஒன்றின் மேல் மற்றது படியுமாறு மடியுங்கள். மடிப்பின் எந்த இடத்திலிருந்து அளந்தாலும் இரண்டும் சம தொலைவில் இருக்கும்; மடித்த நிலையில் இரண்டும் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன! இரு புள்ளிகளுக்குச் சம தொலைவிலுள்ள இடங்களையெல்லாம் சேர்த்தால் வருவது நேர்கோடு மட்டுமே. பள்ளியில் காம்பஸால் வில் போட்டு வரைந்த மையக்குத்துக்கோடு, இங்கே நகத்தால் ஒரே நீவலில் வந்துவிடுகிறது.

இந்த வித்தையைப் புத்தகமாக்கியவர் காவிரிக்கரைக் கல்லூரியில் படித்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியின் முன்னாள் மாணவரான தண்டலம் சுந்தர ராவ், காகித மடிப்பு வழியாக வடிவியல் கற்பிக்கும் நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். மழலையர் பள்ளிகளில் விளையாடக் கொடுத்த வண்ணச் சதுரத் தாள்கள்தான் தூண்டுகோல் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் வந்த தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்கப் பதிப்பும் வந்தது.

சுந்தர ராவ் வழியில் ஒரு சமபக்க முக்கோணம் மடிப்போம். சதுரத் தாளை நெடுக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு தடம் இருக்கும். கீழ் இடது மூலையிலிருந்து மடிப்பு கிளம்பும்படி, கீழ் வலது மூலையைத் தூக்கி நடுத்தடத்தின் மேல் வையுங்கள். மூலை தொட்ட இடம்தான் முக்கோணத்தின் உச்சி. கீழ் ஓரமே எழுந்து போய் இடது பக்கமாக நிற்பதால் இரண்டும் சம நீளம். நடுத்தடத்தின் மேலிருப்பதால் வலது பக்கமும் அதே நீளம். கோணமானி தொடாமலே 60 பாகை!

வளைகோடும் வரும் என்பதுதான் பெரிய வியப்பு. தாளின் கீழ் ஓரத்துக்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு புள்ளி வையுங்கள். ஓரத்தின் வெவ்வேறு இடங்களைத் தூக்கி அந்தப் புள்ளியைத் தொடவைத்து, இருபது முறை மடித்துப் பிரியுங்கள். மடிப்புகள் அத்தனையும் நேர்கோடுகள். ஆனால் அவற்றுக்கு நடுவே கிண்ணம் போல ஒரு வளைவு எழும்பியிருக்கும். அதன் பெயர் பரவளையம். மொட்டைமாடி டிஷ் ஆன்டெனாவின் குழிவும் இதே வளைவுதான். நேராக வந்து விழும் அலைகளையெல்லாம் அது ஒரே புள்ளிக்குத் திருப்பிவிடும். உங்கள் தாளில் அந்த இடம் நீங்கள் முதலில் வைத்த புள்ளி.

காம்பஸும் அளவுக்குறி இல்லாத கோலும் கைவிரித்த இடத்திலும் மடிப்பு நுழைகிறது. எந்தக் கோணம் கொடுத்தாலும் அதை மூன்று சம பங்காக்க அந்த இரண்டு கருவிகளால் முடியாது என்று 1837இல் நிரூபணமானது. மடிப்பால் முடியும்! ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின் மேல் ஒருசேரப் படியவைப்பதுதான் தந்திரம். இந்த மடிப்பு முப்படிச் சமன்பாடுகளையே தீர்க்கும் என்று இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக் 1936இல் காட்டினார்.

மடிப்பு விண்வெளிக்கும் போயிருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் கோரியோ மியூரா, தாளைச் சற்றே சாய்ந்த இணைகரங்களாக மடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1995இல் ஏவிய ஜப்பானிய விண்கலத்தில் சூரியத் தகடு ஒன்று அப்படித்தான் மடிந்து சென்றது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே வீச்சில் விரியும். ஒரு மடிப்பு திறந்தால் மற்ற மடிப்புகளும் திறந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். சிக்கெடுக்க ஆள் அனுப்ப முடியாத இடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்!