கையெழுத்துக்கு முன்னால் – 9: விரல் நுனியில் எறும்பு

பெரியம்மாவைக் கோவையிலிருந்து கூட்டிக்கொண்டு கோபி பக்கம் ஊர் வந்து சேர்ந்த மறுநாள். தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கழுத்தில் ஒரு பிளாஸ்திரி, குரலில் லேசான கம்மல். மற்றபடி தெம்பாகத்தான் இருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கழுத்தையே பார்த்தார்கள். "இத்தினியூண்டு தழும்புதானா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினார். "வெரல் நுனியில எறும்பு ஊர்றாப்பல இருக்குது கண்ணு. ஒதடுகூட மதமதங்குது." படுத்தே கிடந்ததால் இருக்கும் என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர். நான் தைலம் தேய்த்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு கையும் இழுத்துக்கொண்டன. வளையல் ஏற்றும்போது விரல்களை ஒன்றாகக் குவித்துக் கட்டை விரலை உள்ளே மடக்குவோமே, அந்த வாக்கில் விறைத்து நின்றன. பிரிக்க முடியவில்லை.

பக்கத்து டவுனில் கால்சியம் மருந்தை நரம்பு வழியாக மெதுமெதுவாக ஏற்றினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அப்புறம்தான் டிஸ்சார்ஜ் காகிதத்தை ஒழுங்காகப் படித்தேன். கை, உதடு மரத்தால் உடனே வரவும் என்று அதில் போட்டிருந்தது. ஆங்கிலத்தில், கடைசிக்கு முந்தின வரியில். எங்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கம் "எனக்குத் தைராய்டு இருக்குது" என்று சொல்லும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சுரப்புக் குறைவு. அதற்கு மாத்திரைதான், கத்தி இல்லை. கழுத்தில் கட்டி தென்பட்டாலும் பயந்துவிட வேண்டாம். நூறு கட்டியில் தொண்ணூறுக்கும் மேல் சாதுவானவை. ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்லை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் பெதஸ்டா என்று போட்டு 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் எடுத்த செல் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். 2 சாது. 6 புற்றுநோய். நடுவில் இருப்பவை கூடியும் குறைந்தும் சந்தேகம். ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி வைத்தால் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி வருஷக்கணக்கில் கட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். தைராய்டில் அதிகம் வரும் பாப்பிலரி வகைப் புற்று, நேரத்தோடு எடுத்துவிட்டால் நன்றாகக் குணமாகக் கூடியது.

புற்று, அல்லது அதன் சந்தேகம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிற, சோறு இறங்காத அளவுக்குப் பெருத்த கழலை. மாத்திரைக்கு அடங்காத மிகைச் சுரப்பு. அறுவைக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்துச் சுரப்பைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே மேசையில் படுக்க வைப்பார்கள். அதற்குச் சில வாரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

இனி, பெரியம்மாவின் கைக்கு வருகிறேன். தைராய்டுக்குப் பின்புறம், துவரம்பருப்பு அளவில், பெரும்பாலும் நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியத்தைக் காவல் காப்பது இவற்றின் வேலை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கவனித்து எழுதினார். மனிதனிடமும் இருக்கிறது என்று 1880-ல் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர். தைராய்டை எடுக்கும்போது இவற்றைப் பத்திரமாக விட்டுவைத்தாலும், ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைப்பட்டால் சில நாளோ சில வாரமோ சுருண்டு கிடக்கும். கால்சியம் இறங்குவது இரண்டாம் மூன்றாம் நாளில். நாம் வீடு திரும்புவதும் அதே நாளில்தான்.

முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு இது வரும். கைதேர்ந்தவர் செய்தால், நிரந்தரமாகத் தங்கிவிடுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. பாதி மட்டும் எடுத்தால் மறுபுறத்து இரண்டும் தொடாமல் இருப்பதால் இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பாதியா, முழுசாங்க டாக்டர்? ஏனுங்க?" அடுத்தது, வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள் என்பது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வருஷத்துக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல் குறைகிறது என்று 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்காமல் விட்டதற்கு இந்த அறுவையின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் தியோடர் கோக்கர், 1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுச் சுரப்பியையும் எடுத்தார். காயம் அழகாக ஆறியது, அனுப்பிவிட்டார். வருஷங்கள் கழித்துப் பார்த்தால், அச்சில் வார்த்ததுபோல் அவளையே ஒத்திருந்த தங்கை நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். இவளோ வளர்ச்சி நின்று, முகம் ஊதி, மந்தமாகிப் போயிருந்தாள். கோக்கர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். முழுதாக எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே கதியில் இருந்தார்கள். 1883-ல் அதை மறைக்காமல் சபையில் எடுத்துச் சொன்னார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரது கைத்திறனைவிட, திரும்பக் கூப்பிட்டுப் பார்த்த அந்த மனசைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தச் சிறுமிக்கு இல்லாமல் போனது இன்று நம் மருந்துக் கடையில் புட்டியில் இருக்கிறது: தைராக்சின். முழுதாக எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க. வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதற்கப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பி கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பெரியம்மா முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படிச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். "உஷ்ணம்" என்று யாராவது சொன்னால் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

குரல் விஷயம். தைராய்டை உரசிக்கொண்டு போகிறது குரல்நாண்களை அசைக்கும் நரம்பு. அறுவைக்குப் பின் சில வாரம் குரல் கம்முவது சகஜம். நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒருவருக்கு. உச்சத்துக்குக் குரலை இழுத்துக் கொடுக்கும் இன்னொரு சின்ன நரம்பும் அங்கே உண்டு. வள்ளிக்கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவரோ, வகுப்பெடுக்கும் டீச்சரோ, மண்டியில் ஏலம் கூறுபவரோ ஆனால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்த்துவிட்டுத்தானே தொடங்குவீர்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் காத்திருக்கவே கூடாதது. முதல் 24 மணி நேரத்தில் கழுத்து வீங்கி மூச்சு இறுக்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். துணைக்கு இருப்பவர் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ஆகவே முதல் ராத்திரி உட்கார வைப்பது தூங்காத ஆளாக இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழுத்தில்தானே வேலை. தியேட்டர் வாசலில் அழுகையும் சமாதானமுமாக நிற்காமல், வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசி வைத்துவிடலாம்.

வெளியே எடுத்த சுரப்பியின் பயாப்ஸி ரிப்போர்ட் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் வரும். அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புற்று என்று வந்தால் சிலருக்குக் கதிரியக்க அயோடின் தேவைப்படும். அது தனிக் கதை, பிறகொரு வாரம் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு இரண்டு மாதத்தில் கால்சியம் மாத்திரை நின்றது. விரல், உதடு மரத்தால் 108 என்று பேத்தி தமிழில் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் காலண்டர் பக்கத்தில் இருக்கிறது. காப்பிக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதற்கும் அவரே வழி கண்டுபிடித்துக்கொண்டார். அஞ்சரைக்கு எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டுத்தறிக்குப் போய்விடுகிறார். இரண்டு எருமையையும் கறந்து, பாலைச் சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு வரும்போது ஆறரை தாண்டியிருக்கும்.

(தொடரும்)