கோவா தந்த டிரம்பெட் வித்துவான்

பாலக்காட்டிலும் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் கச்சேரி புதிதன்று. பாட்டு, வயலின், மிருதங்கம் என மூவர் நால்வர் அமர்ந்து, ஒருவர் கற்பனைக்கு மற்றவர் இடங்கொடுத்து நடத்துவதே அதன் அழகு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையிலும் சிறு குழுவின் நெறி ஏறத்தாழ இதுவே. தெரிந்த மெட்டொன்றை அனைவரும் வாசிப்பர். பின்னர் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தம் மனோதர்மப்படி அதனை விரிப்பர்.

அவ்விசையில் நம் நாட்டில் புகழ்பெற்ற டிரம்பெட் வித்துவான் சிக் சாக்லேட். இயற்பெயர் அன்டோனியோ சேவியர் வாஸ். 1916-இல் கோவாவின் அல்டோனா கிராமத்திற் பிறந்தவர். போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த அந்நாட் கோவாவில், தேவாலயப் பள்ளிகள் சிறுவர்க்கு மேனாட்டு ஸ்வரக்குறிப்புகளைப் படிக்கக் கற்பித்தன. ஊரிலோ பிழைப்பு அரிது. கற்ற கல்வியே மூலதனமாகப் பலர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, தத்தம் கிராமத்தார் நடத்திய விடுதிகளில் தங்கி வேலை தேடினர். சங்கம் வைத்து வாழும் நமக்கு இஃது அயலார் கதையாகத் தோன்றாது.

1935-இல் லியான் அப்பே என்னும் அமெரிக்கர் தம் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்து ஜாஸ் வாசித்தார். பிற்பாடு அதே ஹோட்டலில் சிக் சாக்லேட் தம் குழுவை நடத்தினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கை முன்மாதிரியாகக் கொண்டமையால் 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்றே அவரை அழைத்தனர்.

1940-களில் அவர் குழுவின் வாசிப்பு இசைத்தட்டுகளில் ஏறியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். மேடையில் நீளும் கற்பனையை அதற்குள் அடக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதியும் அன்றில்லை. ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

நம் மக்கள் கண்டு களித்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்துக்கு இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா. அவர் 1951-இல் இசையமைத்த 'அல்பேலா' இந்திப் படத்தில் சிக் சாக்லேட் உடனிருந்து உழைத்ததோடு, தம் குழுவுடன் திரையிலும் தோன்றினார். அவர் பெயரேனும் நிலைத்தது. திரையிசையில் உழைத்த கோவா வாத்தியக்காரர் பலருடைய பெயர்கள் படத்தின் தலைப்பில் இடம்பெறவேயில்லை.

சிக் சாக்லேட் 1967-இல் மறைந்தார். பம்பாய் ஜாஸின் வரலாற்றை நரேஷ் பெர்னாண்டஸ் நூலாக்கியது 2012-இல். அதற்குள் பழைய வாத்தியக்காரர் பலர் காலமாகிவிட்டனர். அவர்களைக் கேட்டறிய வழியில்லாது போயிற்று.

அன்பர்களே, நம் லயங்களிலும் தெருக்களிலும் தவிலும் நாயனமும் பறையும் வாசித்த முதியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர் பெயர், பிறந்த ஊர், குரு, வாசித்த விழாக்கள் ஆகியவற்றை அவர் வாயால் கேட்டு எழுதி வைப்போம். கைப்பேசியிற் பதிவு செய்யும் வாசிப்புக்கும் வாசித்தவர் பெயரையும் நாளையும் சேர்த்தே வைப்போம். வீட்டுப் பிள்ளைகளே ஒரு ஞாயிறு மாலையில் செய்து முடிக்கத்தக்க பணி இது.