அவ்வூரார் உண்ணும் இடம்

தில்லி மந்திர் மார்க் நீண்ட சாலையன்று. ஆங்கிலேயர் காலத்தில் ரீடிங் ரோடு என்று வழங்கியது. 1939-ஆம் ஆண்டில், எல்லாச் சாதியாரையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் கோயில், அதாவது பிர்லா மந்திர், இச்சாலையில்தான் உள்ளது. கோயிலை அடுத்து வங்காளிகளின் காளிபாரி. அதே சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டபின், அலுவலகங்களோடு வங்காள எழுத்தர்கள் வந்தார்கள். சென்னை மாகாணத்துக் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கான அந்தக் கல்விக் கழகம் 1923-இல் தோன்றியது. கோயிலும் பள்ளியும் எழுவதற்கு முன்பே, வந்தவர்கள் சோற்றுக்கு ஓர் இடம் தேடியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

பயணத்தில் எங்கே உண்பது என்ற கேள்விக்கு விடை தேடும்போது இந்தச் சாலை எங்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இடமாற்றம் எங்கள் பணியோடு ஒட்டிப் பிறந்தது. புதிய ஊரில் இறங்கியதும் வீட்டு வாடகையையும் பள்ளிச் சேர்க்கையையும் விசாரிப்போம். மூன்றாவதாக விசாரிப்பது சாப்பாட்டை. தில்லியில் அந்த விசாரணைக்குக் கிடைக்கும் முதல் விடை பெரும்பாலும் தவறானதாகவே இருக்கும். 'சவுத் இந்தியன்' என்று பலகை தொங்கும் கடைகளைக் காட்டுவார்கள். அங்கே தோசை இருக்கும், இட்லி இருக்கும், இனிப்புத் தூக்கலான ஒரு சாம்பாரும் இருக்கும். அது செட்டிநாட்டுச் சமையலா, கொங்குச் சமையலா, உடுப்பிச் சமையலா என்று கேட்டால் பரிமாறுபவர் நம்மை விந்தையாகப் பார்ப்பார். நான்கைந்து மாநிலங்களின் அடுப்புகளை ஒரே சொல்லில் அடக்கிய பலகை அது.

இதில் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். சென்னையில் 'நார்த் இந்தியன்' என்று நாம் கேட்டு வாங்கும் தந்தூரிக் கோழி, பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தில்லி தரியாகஞ்சில் 1947-இல் தொடங்கிய 'மோத்தி மஹல்' உணவகத்தின் வழியாகப் புகழ் பெற்றது. அதுவும் ஒரு வட்டாரத்தின் உணவே. பீகாரிக்கும் குமாவுன் மலைவாசிக்கும் அது சொந்தமன்று.

அப்படியானால் வட்டார உணவு தில்லியில் எங்கே கிடைக்கும்? மாநில அரசுகளின் இல்லங்களில் கிடைக்கும். அலுவல் நிமித்தமாகத் தலைநகருக்கு வரும் தத்தம் அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்குவதற்காக மாநிலங்கள் நடத்தும் விருந்தினர் மாளிகைகள் இவை. விருந்தினருக்காகவும் பணியாளர்களுக்காகவும் வைத்த சமையற்கூடங்களில் சில, பொதுமக்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

அவற்றுள் புகழ் மிக்கது அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் உணவகம். நண்பகலில் சென்றால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பணம் கட்டிச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். இடம் காலியானதும் முன்பின் அறியாதவர்களோடு ஒரே மேசையில் அமர வேண்டும். அமர்ந்த கணமே எஃகுத் தட்டு வரும். மேசையிலேயே பருப்புப் பொடியும் ஊறுகாயும் இருக்கும். சூடான சோற்றில் பொடியைத் தூவி நெய் விட்டுப் பிசைந்த முதல் கவளத்துக்காகவே நாங்கள் பலமுறை அந்த வரிசையில் நின்றிருக்கிறோம். பின்னர் பப்பு, புளிச்சகீரை, கூட்டு, சாம்பார், ரசம், தயிர் என்று வாளிகள் இடைவிடாது சுற்றி வரும். போதும் என்று கையை மறைக்கும் வரை பரிமாறுவார்கள். புலால் உண்போர் கோழி, ஆட்டிறைச்சி வறுவல்களைத் தனியே கேட்டுப் பெறலாம். ஞாயிறு என்றால் ஐதராபாத் பிரியாணி. அன்றைய வரிசை மற்ற நாள்களின் வரிசையை மறக்கச் செய்துவிடும். கொண்டாட்டமான சூழலையோ மெல்லிய இசையையோ எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. உண்டு முடித்தபின் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், பின்னால் நிற்பவரின் பார்வையே எழுப்பிவிடும்.

ஜந்தர் மந்தர் சாலையில், பழைய கொச்சி மாளிகை நிற்கும் கேரள இல்ல வளாகத்தின் 'சம்ருத்தி' உணவகம் இன்னும் எளிமையானது. சிவப்பு மட்டை அரிசிச் சோறு, மோர்க்குழம்பு, தோரன், கேட்பவர்க்கு மீன்குழம்பு. எங்கள் கணக்கில், கொடுத்த பணத்துக்குக் கிடைத்த நிறைவில் தில்லியில் இதற்கே முதலிடம். ஆனால் தாமதமாகச் சென்றால் மீன் தீர்ந்திருக்கும். 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும் சமையற்கூடத்தின்மீது எங்களுக்குத் தனி மதிப்பு உண்டு, அன்றைய மீனை அன்றே சமைக்கிறார்கள் என்பதால்.

கஸ்தூர்பா காந்தி மார்கில் உள்ள மகாராஷ்டிர சதன், சாணக்கியபுரியில் உள்ள அசாம், பீகார், குஜராத் இல்லங்கள் என்று பட்டியல் நீளும். அசாமியரின் புளிப்பு மீன்குழம்பான 'தெங்கா' நம் நாவுக்கு விரைவில் பழகிவிடும். வாழைத்தண்டு, வாழைத்தோல் ஆகியவற்றைச் சுட்ட சாம்பலின் காரநீரில் சமைக்கும் 'கார்' பழகச் சற்று நாள் பிடிக்கும். மந்திர் மார்கில் தங்குவோர் துர்கா பூஜை நாள்களில் வந்திருந்தால், காளிபாரியில் வழங்கும் போக் என்னும் பிரசாதத்தை விட்டுவிடக் கூடாது. கிச்சடியும் பல காய்கள் சேர்ந்த லாப்ராவும் கொண்ட அந்த உணவை எந்த உணவகப் பட்டியலிலும் காண முடியாது.

இந்தச் சமையற்கூடங்களுக்குள் பொதுவான ஓர் உண்மை உண்டு. இங்கே சமைப்பவர் அஞ்சுவது சுற்றுலாப் பயணிக்கு அன்று, தம் ஊர்க்காரருக்கு. ரசத்தில் சர்க்கரை சேர்ந்தால் முதலில் முகம் சுளிப்பவர் அவர்தான். அவர் வருவது நின்றால் சுவை மாறும். பின்னர் கடையே மாறும். கன்னாட் பிளேஸில் 'மதராஸ் ஹோட்டல்' என்ற உணவகம் இருந்தது. தென்னாட்டிலிருந்து வந்த எழுத்தர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே உண்டார்கள். இன்று அந்த உணவகம் இல்லை. அதன் பெயர் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகத் தங்கிவிட்டது. கோல் மார்க்கெட்டிலும் கரோல் பாகிலும் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓய்வுக்குப்பின் மயூர் விஹாருக்கும் துவாரகாவுக்கும் பெயர்ந்தபோது, அவர்களை நம்பி நடந்த சிறு மெஸ்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மாநில இல்ல உணவகங்கள் சிலவற்றின் பட்டியலிலும் இப்போது பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் நுழையத் தொடங்கியிருப்பதைக் காண்கிறோம். விற்பதை வைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்வதைவிட நாம் அங்கே புளிச்சகீரையைக் கேட்டு வாங்குவது பயன் தரும்.

வெளிநாடு செல்லும் வாடிக்கையாளர்களுக்கும் இந்த நெறி செல்லுபடியாகும். அந்நியச் செலாவணி அட்டை வாங்க வருவோரில் இத்தாலி செல்பவர்கள், 'அங்கே நல்ல இத்தாலிய உணவகம் எது?' என்று கேட்பதுண்டு. இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். 20 வட்டாரங்கள் கொண்ட அந்நாட்டில் 'இத்தாலிய உணவு' என்ற பலகை, நம் 'சவுத் இந்தியன்' பலகைக்கு உடன்பிறப்பு. பீட்சாவின் தாயகம் நேப்பிள்ஸ். துளசி இனத்து இலையை அரைத்த பெஸ்தோ, ஜெனோவா இருக்கும் லிகூரியாவுக்கு உரியது. பொலோனா நகரத்தார் தங்கள் இறைச்சிக் குழம்பை முட்டை சேர்த்துப் பிசைந்த பட்டையான தாலியதெல்லேயோடுதான் உண்பார்கள். உலகமெங்கும் விற்கும் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' அவர்களுக்கு அந்நியம். ஒயினும் அப்படியே: டஸ்கனியில் கியாந்தி, பியமோந்தேயில் பரோலோ. எந்த ஊரில் அமர்கிறோமோ அந்த ஊர்த் திராட்சையே மேசைக்கு வரும்.

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. சற்று விசாரிக்க வேண்டும். லிகூரியாவின் 'ஃபரினாத்தா', கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்ட அடைதான். சிசிலித் தீவின் பலேர்மோவில் கடலை மாவுத் துண்டுகளைப் பொரித்து 'பனெல்லே' என்று விற்கிறார்கள். நம்மூர் மாலை நேரத்தை நினைவூட்டும். ரிசோத்தோ என்ற அரிசி உணவு இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கக்கூடும். பர்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேர்கிறது. இரண்டையும் கேட்டறிந்து உண்பது நல்லது.

கட்டணச் சீட்டில் 'கொப்பெர்த்தோ' என்று ஒரு தொகை இருந்தால் திடுக்கிட வேண்டாம். அமர்ந்து உண்பதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் மேசைக் கட்டணம் அது. பட்டியலில் முன்பே அச்சிட்டிருக்கும். அட்டையைத் தேய்க்கும்போது கருவி, ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவில் செலுத்துகிறீர்களா என்று கேட்கலாம். யூரோவையே தெரிவு செய்யுங்கள். ரூபாய் என்றால் கடைக்காரர் தரப்பு வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்கள் பல, மதிய உணவு முடிந்ததும் அடுப்பை அணைத்து இரவு ஏழு மணியை ஒட்டியே மீண்டும் திறக்கும். ஊரைச் சுற்றிவிட்டு மாலை நான்கு மணிக்குப் பசியோடு செல்பவருக்குத் திறந்திருப்பது பயணிகளுக்கான கடைகளே. ஆந்திர பவனைப் போலவே அங்கும் ஒரு மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.